கணக்குப் பார்க்காமல் கையொப்பமிடலாமா?

மட்டக்குளியில் கணினி படித்த நம் பிள்ளைகள் பலர் இப்போது வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கின்றனர். அவர்களில் ஒருவர் ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வழியில் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "நானா, வீட்டில பிட்கொயின் நோட் ஒன்று போட்டிருக்கிறேன். முழுக் கணக்கும் இறங்கி, சரிபார்த்து முடிய ரெண்டு கிழமை போகும் போல. கூட்டாளி ஒருவன் ரெடியான கொப்பி தாறேன் என்கிறான். அதைப் போட்டால் ஒரு ராத்திரியில முடிஞ்சிரும். போடலாமா?"

கேட்ட மாத்திரத்தில் இது கணினிக்காரர்களின் கேள்வி போலத் தோன்றும். எனக்கோ இது நூற்றுக்கு நூறு வியாபாரக் கேள்வியாகவே பட்டது. அவசரத்துக்காக ஒரு மனிதன் கணக்குப் பார்ப்பதை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம்? புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் எந்த முதலாளிக்கும் இது புதிய கேள்வியல்ல.

விடயத்துக்குள் செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகின்றேன். கிரிப்டோ நாணயம் வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. எகிப்தின் முஃப்தி 2018 ஜனவரியில் அதனை ஹராம் என்றார். மலேசிய பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபை 2020இல் நிபந்தனைகளோடு வியாபாரத்துக்கு அனுமதித்தது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் அதனை நாணயமாகப் பாவிப்பது கூடாது என்றது. அது உலமாக்களின் துறை. எமது மத்திய வங்கியும் 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்து அறிவித்தல்கள் விடுத்துள்ளது. கடன் அட்டை, டெபிட் அட்டை மூலம் மெய்நிகர் நாணயக் கொடுக்கல் வாங்கல் செய்ய அனுமதியில்லை என்பதையும் அது அவ்வறிவித்தலில் சுட்டிக்காட்டியது. ஆயினும் நம் பிள்ளைகளின் கைகளில் இந்தத் தொழில்நுட்பம் ஏற்கனவே வந்துவிட்டது. அதன் உள்ளே என்ன நடக்கின்றது என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

நோட் என்றால் என்ன? ஒரு பெரிய மொத்தக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்கு உலகம் முழுவதும் பல்லாயிரம் கிளைகள். ஆனால் தலைமைக் கணக்கப்பிள்ளை என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கிளையிலும் முழுப் பேரேட்டின் பிரதி ஒன்று இருக்கின்றது. எங்காவது ஒரு வரவு செலவு நடந்தால் அது எல்லாக் கிளைகளுக்கும் போகும். ஒவ்வொரு கிளையும் கையொப்பம் சரியா, அனுப்புகிறவரிடம் உண்மையில் அந்தத் தொகை இருந்ததா, அதே காசை அவர் வேறு ஒருவருக்கும் கொடுத்துவிட்டாரா என்று தானாகவே பார்த்துத்தான் தன் பேரேட்டில் எழுதும். அந்தக் கிளைதான் நோட். அதாவது, முழுக் கணக்கையும் வைத்துக்கொண்டு சரிபார்க்கும் ஒரு கணினி.

புதிதாகத் திறக்கும் கிளைக்கு அடுத்த தெருக் கிளையின் மீதித் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. பிட்கொயினைப் பொறுத்தவரை 2009 ஜனவரி 3ஆம் திகதி எழுதப்பட்ட முதல் பக்கத்திலிருந்து தொடங்கி இன்றைய பக்கம் வரை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் சேர்கின்றது. அதனைப் புளொக் என்பர். 2025 ஜூனில் புளொக்குகளின் எண்ணிக்கை 9 இலட்சத்தைத் தாண்டியது. முழுப் பேரேடும் 600 கிகாபைட்டுக்கு மேல். மாதாந்தம் இத்தனை கிகாபைட் என்று அளந்து டேட்டா பெக்கேஜ் போடும் நம் வீடுகளுக்கு இது சின்ன விடயமல்ல. இறக்கிவிட்டால் மட்டும் போதாது, கோடிக்கணக்கான கையொப்பங்களைச் சரிபார்க்கவும் வேண்டும். பழைய கணினி என்றால் நாட்கணக்கில் ஓடும்.

நமது நாட்டில் இன்னொரு தலையிடியும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்கமாட்டோம். நோட் ஒன்று நின்றுபோனால், மீண்டும் எழும்பியதும் விடுபட்ட பக்கங்களை எல்லாம் பார்த்து முடிக்கும் வரை அதன் கணக்கு பழைய கணக்குத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் தரவுக் கோப்பு பழுதாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியும் வரலாம். ஆகவே "சீக்கிரமாக முடியாதா?" என்று அந்தப் பிள்ளை கேட்டதில் எந்தக் குற்றமும் இல்லை.

சீக்கிரமாக்குவது பற்றி நமது வங்கிகளிடம் ஒரு நல்ல அனுபவம் இருக்கின்றது. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள வங்கிக் கிளையின் காசோலையைக் கொழும்பில் வைப்பிலிட்டால் காசு கைக்கு வர எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது அந்தக் கால வியாபாரிகளுக்குத் தெரியும். கடதாசியே அங்கு போய்த் திரும்ப வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டு லங்கா கிளியர் நிறுவனம் காசோலையின் படத்தை மட்டும் அனுப்பித் தீர்க்கும் முறையைக் கொண்டுவந்தது. தெற்காசியாவிலேயே இதில் இலங்கைதான் முதலாவது. நாடு முழுவதும் மறுநாளே தீர்வு கிடைத்தது.

எப்படி வந்தது இந்த வேகம்? காசோலையை வழங்கியவரின் வங்கி அந்தக் கடதாசியைக் கையில் தொட்டுப் பார்ப்பதில்லை. படத்தைத்தான் பார்க்கின்றது. கடதாசியில் சுரண்டி அழித்திருக்கின்றதா, மை மாறியிருக்கின்றதா என்பதை வைப்பை ஏற்ற வங்கிதான் பார்க்க வேண்டும். அதாவது ஒருவர் செய்யவேண்டிய சோதனையில் ஒரு பகுதியை மற்றவர் கையில் கொடுத்து வாங்கிய வேகம் அது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் இருக்கின்றது. வங்கிகளுக்கு விதிமுறைகள் இருக்கின்றன. மேலே மத்திய வங்கி இருக்கின்றது. தவறு நடந்தால் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு உண்டு.

பிட்கொயினில் அந்தக் கதவு இல்லை. அங்கு நீங்கள் விட்டுவிட்ட சோதனைக்கு வேறு எவரும் பொறுப்பாளியல்லர். வேகத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் மனதில் வைக்கவேண்டியது இதைத்தான்.

இனி அவர்கள் எப்படி வேகப்படுத்தினார்கள் என்று பார்ப்போம். எல்லா வேகமும் ஏமாற்று வேகமல்ல. 2015இல் வந்த பிட்கொயின் மென்பொருள் முதலில் புளொக்குகளின் தலைப்புகளை மட்டும் இறக்கி, வரிசை சரியா என்று பார்த்துவிட்டு, பின்னர் உள்ளடக்கத்தைப் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் இறக்கியது. பொருளட்டவணையைப் பார்த்துவிட்டுப் பாடத்தை வாசிப்பது போல. இதில் சோதனை எதுவும் குறையவில்லை. வேலையை ஒழுங்குபடுத்தியதால் வந்த இலாபம் மாத்திரமே.

2017இல் வந்தது வேறு வகை. மென்பொருளைத் தயாரிப்பவர்கள் பழைய புளொக் ஒன்றின் ஹேஷை, அதாவது அதன் கைரேகை போன்ற எண்ணை, மென்பொருளுக்குள்ளேயே எழுதி வைக்கின்றனர். அந்தப் புளொக் உங்களுக்கு வந்த வரிசையில் இருந்தால் அதற்கு முற்பட்ட கையொப்பங்களை உங்கள் கணினி மீண்டும் பார்க்காது. ஆனால் கூட்டல் கழித்தல்களைப் பார்க்கும். இல்லாத காசு உருவாகியிருக்கின்றதா, ஒரே காசு இருமுறை செலவாகியிருக்கின்றதா என்பதையும் பார்க்கும். பழைய வவுச்சர்களின் கையெழுத்துகளை ஓடிட்டர்கள் பலர் பார்த்துவிட்டனர், நாம் தொகைகளை மட்டும் கூட்டிப் பார்ப்போம் என்பது போன்ற ஏற்பாடு. விருப்பமில்லாதவர் அந்த வசதியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பார்க்கலாம்.

2024 ஒக்டோபரில் வெளிவந்த 28ஆம் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. 8,40,000ஆவது புளொக் வரையிலான மீதிப் பட்டியல் ஒன்றை நேரடியாக ஏற்றிக்கொள்ள அது இடமளிக்கின்றது. 2024 ஏப்ரலில் வந்த புளொக் அது. இப்பட்டியலை ஸ்னப்ஷொட் என்கின்றனர். பத்து கிகாபைட்டுக்கும் குறைவானது. இதை ஏற்றியதும் அந்த இடத்திலிருந்து இன்றைய நாள் வரை சரிபார்த்து, உடனே வேலையைத் தொடங்கிவிடலாம். முன்கடையில் வியாபாரம் நடக்க, பின்னறையில் கணினி 2009இலிருந்து எல்லாப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வரும். இறுதியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பட்டியலை யாரிடமிருந்தும் பெறலாம். திருடனிடமிருந்து வாங்கினாலும் பாதகமில்லை. ஏனெனில் அதன் ஹேஷ் மென்பொருளுக்குள் இருக்கின்றது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் மென்பொருள் ஏற்காது. நம்பிக்கை பட்டியலைத் தந்தவர் மீதல்ல, மென்பொருளின் மீதுதான். அந்த மென்பொருளை எப்படியும் நம்பித்தானே பாவிக்கின்றோம். ஆகவேதான் மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கி, அதனுடன் வரும் டிஜிட்டல் கையொப்பத்தையும் ஒத்துப் பார்க்கும்படி சொல்கின்றார்கள். நம்மில் பலர் செய்யாமல் விடுவதும் அதைத்தான்.

வேகம் எப்படி ஆளைக் கவிழ்த்தது என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கின்றேன்.

முதலாவது 2013 மார்ச் மாதத்தில் நடந்தது. அதற்கு முந்திய மாதம்தான் பிட்கொயினின் 0.8 பதிப்பு வெளிவந்திருந்தது. அதன் பெரிய சிறப்பே வேகம். கணக்கை வைத்திருக்கும் தரவுத்தளத்தை மாற்றியிருந்ததால் புதிய கணினிகள் மிக விரைவாக முழுக் கணக்கையும் பார்த்து முடித்தன. எந்தச் சோதனையையும் அவர்கள் குறைக்கவில்லை. ஆனால் பழைய 0.7 பதிப்பின் தரவுத்தளத்தில் யாருக்கும் தெரியாத ஒரு எல்லை இருந்தது. ஒரே நேரத்தில் இத்தனை பதிவுகளுக்கு மேல் அதனால் கையாள முடியாது. மார்ச் 11ஆம் திகதி 2,25,430ஆவது புளொக் பெரிதாக வந்தது. புதிய பதிப்பு ஏற்றது, பழைய பதிப்பு மறுத்தது. ஒரே பேரேடு இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் தாங்களே சரி என்று எழுதிக்கொண்டே போயினர்.

அந்த மணித்தியாலங்களுக்குள் ஓகேபே என்ற கொடுப்பனவு நிறுவனம் சுமார் 10,000 டொலர் பெறுமதியான கொடுப்பனவு ஒன்றை ஒரு பக்கத்துக் கணக்கை நம்பி ஏற்றுக்கொண்டது. அதே காசு மற்றப் பக்கத்தில் வேறு இடத்துக்குப் போயிருந்தது. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? புளொக் தயாரிக்கும் பெரிய குழுக்கள் இரண்டு, தாங்கள் உழைத்த புளொக்குகளைக் கைவிட்டுவிட்டுப் பழைய மெதுவான பதிப்புக்கே திரும்பின. நட்டப்பட்டாவது எல்லோரும் ஒரே பேரேட்டில் இருக்க வேண்டும் என்று எடுத்த முடிவு அது. வியாபாரத்தில் இப்படிப்பட்ட முடிவு எடுக்கத் துணிபவர்களை எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது சம்பவத்தில் அப்படிப் பாராட்ட எதுவுமில்லை. 2015 ஜூலை 4ஆம் திகதி கையொப்ப வடிவம் பற்றிய புதிய விதி ஒன்று அமுலுக்கு வந்தது. 95 வீதமானோர் சம்மதம் தெரிவித்திருந்தனர். சம்மதித்தவர்களில் பலர் உண்மையில் எதையும் சரிபார்க்கவில்லை என்பது பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மற்றவர் ஒரு புளொக் கண்டுபிடித்தார் என்று கேள்விப்பட்டதும், அதைத் திறந்து பார்க்காமலே அதன் மேல் அடுத்த புளொக்கை அடுக்கினர். சில வினாடிகளை மிச்சம் பிடிக்கும் ஆசை. விதிக்கு மாறான புளொக் ஒன்று வந்தது. அதன் மேல் அடுக்கிக்கொண்டே போய் 6 புளொக்குகள் செல்லுபடியாகாமல் போயின. அடுத்த நாளே இன்னுமொரு 3. ஒரு புளொக்குக்கு 25 பிட்கொயின் கூலி கிடைத்த காலம் அது. மொத்த நட்டம் 50,000 டொலருக்கு மேல். அதைவிட முக்கியமானது, சொந்த நோட் இல்லாமல் இலகு வாலட் பாவித்தவர்கள் வழமையை விட மேலும் 30 புளொக்குகள் காத்திருக்கும்படி அறிவிக்கப்பட்டனர். 30 புளொக் என்றால் ஐந்து மணித்தியாலம். சொந்தமாக முழுக் கணக்கும் பார்க்கும் புதிய பதிப்பு நோட் வைத்திருந்தவர்களுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை.

அல்லாஹ் ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனத்தில் ஃபாஸிக் ஒருவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகின்றான். இந்தச் சம்பவத்தைப் படித்தபோது அந்த வசனம்தான் என் நினைவுக்கு வந்தது.

"எங்கள் பிள்ளை நோட் எல்லாம் வைத்திருக்கவில்லை, ஃபோனில் ஒரு அப் மட்டும்தான்" என்று சிலர் நினைக்கலாம். அப்படியென்றால் அவர் சோதனை முழுவதையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். ஃபோனில் தெரியும் தொகை எங்கோ ஒரு கொம்பனியின் நோட் சொல்லும் தொகை. எத்தேரியம் பாவிப்பவர்களில் பெருந்தொகையானோர் இன்ஃபியூரா என்ற ஒரே சேவையில் தங்கியிருந்தனர். 2020 நவம்பர் 11ஆம் திகதி அந்தச் சேவையின் நோட்கள் பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்ததால் சரியான சங்கிலியிலிருந்து விலகிப்போயின. பலருடைய வாலட்கள் வேலை செய்யவில்லை. பினான்ஸ் போன்ற பெரிய சந்தைகள் எத்தேரியம் மீளப்பெறுவதை இடைநிறுத்தின.

எத்தேரியத்தின் நிலைமை இப்போது இன்னும் வித்தியாசமானது. 2022 செப்டம்பர் 15ஆம் திகதி அது மின்சாரம் தின்னும் பழைய முறையைக் கைவிட்டு, பிணை வைப்பவர்கள் வாக்களிக்கும் முறைக்கு மாறியது. இந்த முறையில் புதிதாக வரும் கணினி வெறுமனே முதல் பக்கத்திலிருந்து படித்து எது உண்மையான சங்கிலி என்று தானாகத் தீர்மானிப்பது பாதுகாப்பானதல்ல. பிணையை மீளப்பெற்றுக்கொண்டு போய்விட்ட பழைய ஆட்கள் சேர்ந்து பொய்ச் சரித்திரம் ஒன்றை எழுதிக் காட்ட முடியும். அதனால் அண்மைய நிலை ஒன்றின் ஹேஷை நம்பகமான இடத்திலிருந்து வாங்கித்தான் தொடங்க வேண்டும். வேகமாகவும் இருக்கின்றது. ஆனால் "நம்பகமான இடம்" எது என்பதை நீங்கள்தான் தெரிவு செய்கின்றீர்கள். இரண்டு மூன்று இடங்களில் கேட்டு, எல்லாம் ஒன்றாக இருக்கின்றதா என்று பார்ப்பதே முறை.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் உண்டு. 2017இல் இந்தியர்கள் மெடிக் என்ற பெயரில் ஆரம்பித்து, 2021இல் பொலிகன் என்று பெயர் மாற்றிய வலையமைப்பில் ஏறத்தாழ இரண்டு வினாடிக்கு ஒரு புளொக் வரும். அந்த வேகத்தில் சேரும் கணக்கை முதலிலிருந்து பார்ப்பது நடக்காத காரியம் என்பதால் அங்கு நோட் நடத்துவோர் ஆயத்தமான ஸ்னப்ஷொட்டை இறக்கியே தொடங்குவது வழமையானது. 2023 பெப்ரவரியில் அந்த வலையமைப்பில் ஒரே தடவையில் 157 புளொக்குகள் பின்வாங்கி மாற்றி எழுதப்பட்டன. "50 புளொக் வந்துவிட்டது, போதும்" என்று பொருளைக் கொடுத்துவிட்ட கடைக்காரரின் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள்.

இதற்காக, வேகமே வேண்டாம், எல்லோரும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும் என்று சொல்ல நான் தயாரில்லை. காத்திருக்கச் சொன்னால் என்ன நடக்கும்? பத்துப் பேரில் ஒன்பது பேர் நோட்டே வேண்டாம் என்று ஃபோன் அப்புக்குப் போய்விடுவார்கள். கணக்குப் பார்ப்பவர்கள் குறைந்து, பெரிய கொம்பனிகள் நாலைந்து மட்டும் மிஞ்சும். பிறகு அந்த நாலைந்து பேர் சொல்வதுதான் கணக்கு. ஆகவே ஓரளவு வேகமும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. என்னைக் கேட்டால், சோதனையைப் பிற்போடும் வேகத்துக்குச் சம்மதிப்பேன், சோதனையை ஒழித்துவிடும் வேகத்துக்குச் சம்மதிக்கமாட்டேன். பின்னறையில் கணக்குப் பார்த்து முடியும் வரை பெரிய தொகை எதையும் அந்த நோட்டின் சொல்லை மட்டும் நம்பி ஏற்கக்கூடாது. முடிந்த பிறகும் பெரிய தொகைக்கு 6 புளொக்குகள், அதாவது சுமார் ஒரு மணித்தியாலம், காத்திருப்பது பழைய வழக்கம்.

நமது ஃபிக்ஹில் கப்ழ் என்று ஒரு விடயம் இருப்பதை வியாபாரிகள் அறிவர். வாங்கிய பொருளைக் கைவசப்படுத்தாமல் மறுபடி விற்கக்கூடாது. பேரேட்டில் மட்டுமே இருக்கும் ஒரு பொருள் எப்போது கைக்கு வந்ததாகக் கொள்ளப்படும்? ஃபோனில் தொகை தெரிந்தவுடனா, முதல் புளொக்கிலா, ஆறாவது புளொக்கிலா? பார்த்தது சொந்த நோட்டா, அடுத்தவருடைய நோட்டா என்பது கணக்கில் வருமா? இதுபற்றிப் பேசும் உலமாக்களும் கணினி தெரிந்த இளைஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பிரயோசனமாக இருக்கும்.

இனி அந்தக் கூட்டாளியின் கொப்பிக்கு வருவோம். அது மேலே சொன்ன ஸ்னப்ஷொட் போன்றதல்ல. அவருடைய கணினியில் உள்ள முழுக் கோப்புறையையும் அப்படியே கொப்பி பண்ணிப் போடுவது. அப்படிப் போட்டால் மென்பொருள் அதனைத் தானே பார்த்து எழுதிய கணக்கு என்று நினைத்துக்கொள்ளும், மீண்டும் பார்க்காது. அதில் எவராவது இல்லாத காசு ஒன்றை எழுதி வைத்திருந்தால், அந்தக் காசு உலகத்தில் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும். அதிலிருந்து உங்களுக்கு அனுப்பப்படும் கொடுப்பனவு வந்துகொண்டிருப்பதாகத் திரையில் காட்டும், எந்தப் புளொக்கிலும் ஏறாது. இருக்கும் காசு ஒன்றை அழித்து வைத்திருந்தால், ஒரு நாள் எல்லோரும் ஏற்கும் புளொக்கை உங்கள் கணினி மட்டும் மறுத்துவிட்டு நின்றுவிடும். கூட்டாளி நல்லவராகவே இருக்கலாம். அவருக்குக் கொடுத்தவர் யார்?

ஆனால் டேட்டா பெக்கேஜ் போதாதவர்களுக்கு அந்த ஹார்ட் டிஸ்க் வேறு விதத்தில் உதவும். கோப்புறைக்குள் புளொக்குகள் தனியாகவும், மீதிப் பட்டியல் தனியாகவும் இருக்கும். புளொக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதிப் பட்டியலை எடுக்காமல் விட்டு, ரீஇன்டெக்ஸ் என்ற கட்டளையோடு மென்பொருளைத் தொடங்கினால் கணினி முதல் பக்கத்திலிருந்து தானே பார்த்துப் புதிய பட்டியல் எழுதும். 600 கிகாபைட் இறக்கும் செலவு மிச்சம். நாட்கள் சில போகத்தான் செய்யும். அந்த நாட்களில் கரண்ட் போனால் தாங்குவதற்கு நல்ல யூபிஎஸ் ஒன்றைப் பூட்டிக்கொள்வதும் அவசியம்.